அவர் பிறந்த லயம்

வட்டகொடையில் ரயிலேறி என் எதிரில் உட்கார்ந்தவரின் காலில் சப்பாத்து பளபளத்தது. அவரும் என்னைப் போல விரிவுரையாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத்தான் போகிறார் என்பது பேச்சில் தெரிந்தது. உடனே விரலிலிருந்த தங்க மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நமக்கு டவுன்ல புடவைக் கடைங்க. ஆனா அந்த தேர்வுக்குழு தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டா உருகிடுவாங்களாம். விசாரிச்சிட்டேன். தங்கச்சி லயந்தானே? மழை பேஞ்சா எப்படி இருக்கும்?"

"தகரம் ஒழுகுங்க. கொழுந்து பறிக்க இடுப்புல கட்டிட்டுப் போற படங்குச் சாக்கை அம்மா எங்க மேல போத்திட்டு, நனைஞ்சுகிட்டே உக்காந்திருப்பாங்க."

நான் சொன்ன ஒவ்வொன்றையும் கண்ணை மூடி முணுமுணுத்துப் பார்த்தார். ஆய்வைப் பற்றி மட்டும், என்னுடையதானாலும் அவருடையதானாலும், ஒரு வார்த்தை பேசவில்லை.

அவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அடுத்து நான் போனேன். என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னதும் அம்மாவிலிருந்து ஆரம்பித்தேன். தலைவர் கையை உயர்த்தினார்.

"முன்னால வந்தவர் சொன்னதையே சொல்றீங்களே. சொந்தமா ஏதும் இல்லையா?"

வெளியே அவர் மோதிரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. என் அம்மாவுக்காக நான்கூட அப்படி அழுததில்லை.