ஆயுதங்களைப் பிடித்த கை

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டும் படத்தாளைச் சிவகாசியில் சார்ட் என்போம். பழங்கள், தலைவர்கள், கொடிகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு சார்ட் உண்டு. பாலிடெக்னிக்கில் அச்சுத் தொழில்நுட்பம் முடித்து ஓர் அச்சகத்தின் டிசைன் பிரிவில் நான் சேர்ந்தது இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்களில். எனக்கென்று தனியாக வந்த முதல் வேலை, 'உலகத் தற்காப்புக் கலை ஆயுதங்கள்' சார்ட். ஆர்டர் கொடுத்தவர் டவுனில் ஸ்டேஷனரி மொத்த வியாபாரம் செய்த ஒரு பாய். ஆயுதங்களை வரைந்துகொள்ளலாம், பிடித்திருக்கும் கை மட்டும் நிஜக் கையாக இருக்க வேண்டும் என்றார். எப்படிப் பிடிப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமாம்.

கைக்கு அக்காவைக் கேட்டேன். அவள் பள்ளி நாளிலிருந்தே சிலம்பம் சுற்றியவள். பிளஸ் டூ முடிந்ததும் பட்டாசு கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆனைக்குட்டம் பக்கத்து மைதானத்தில் கம்பு சுற்றப் போவாள்.

எந்த ஆயுதத்துக்கு வீட்டுப் பொருள் எது என்று பட்டியல் போட்டேன்; படமெடுத்த பிறகு பொருளின் இடத்தில் ஆயுதத்தை வரைந்துவிடலாம். ஜப்பானின் ஒகினாவாத் தீவு நுஞ்சாக்குக்குத் துணியால் இணைத்த இரண்டு பூரிக்கட்டைகள். அதே தீவில் பக்கவாட்டுப் பிடியோடு வரும் டோன்ஃபாவுக்குத் திருகைக் குச்சி. பிலிப்பைன்ஸ் பிரம்புக்கு விளக்குமாற்றுக் கட்டை. ஜாவாவின் கிரிஸ் குத்துவாளுக்குக் காய் நறுக்கும் கத்தி. குறுக்குப் பிடியுள்ள கட்டாரிக்கு வாளியின் கைப்பிடி. சுருள்வாளுக்கு, பேப்பர் ரீலைச் சுற்றி வரும் இரும்புப் பட்டை. சிலம்பத்துக்கு மட்டும் மாற்று தேவைப்படவில்லை.

"ஏட்டி, பூரிக்கட்டையக் குடுத்துட்டு ஜப்பான்காரி மாதிரி நில்லுங்கியே" என்றாள் அக்கா.

"நிக்க வேண்டாம். மணிக்கட்டோட கட் பண்ணிருவேன்."

"அப்ப மூஞ்சி வராதா?"

"வராது."

"நல்லதாப் போச்சு. நான் இன்னும் தலை சீவல."

அந்தச் சார்ட்டில் எந்த நாட்டு ஆயுதத்தைப் பிடித்திருந்தாலும் அது என் அக்காவின் வலது கை.

அடுத்த தீபாவளி சீசனில், அவள் வேலை பார்த்த அறைக்குப் பக்கத்து அறையில் மருந்து தீப்பிடித்தது. அங்கே இருந்தவர்கள் வீடு திரும்பவில்லை. அக்கா திரும்பினாள். மதுரை ஆஸ்பத்திரியில் பல வாரம் படுத்திருந்து அவள் வந்தபோது வலது கை விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டியிருந்தன.

வலது கை செய்த வேலைகளை ஒவ்வொன்றாக இடது கைக்கு மாற்றினாள். பல் தேய்ப்பது, தலை சீவுவது, எழுதுவது. சாப்பாட்டில்தான் சிக்கல். வீட்டில் ஸ்பூன் இருந்தது. விசேஷ வீட்டுப் பந்தியில், இலையில் இடது கையை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. போவதையே நிறுத்திக்கொண்டாள். இருக்கன்குடி கோயிலில் திருநீறு கொடுத்தபோதும் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். இருவருக்கும் சேர்த்து நான் வாங்கினேன்.

சார்ட் நன்றாக விற்றது. மறு வருடம் பாய் இரண்டாம் பாகம் கேட்டு வந்தார்.

"அந்தப் பிள்ளை கையவே போடும்மா. கராத்தே மாஸ்டர் ஒருத்தரு பார்த்துட்டு, பிடி சுத்தமா இருக்குன்னாரு. இதுக்கும் அதே கைதான் வேணும்."

"பார்க்குறேன் பாய்" என்றேன். விபத்து அவருக்குத் தெரியாது.

முதலில், எறிந்து தாக்கும் வளைதடியான வளரியைப் பிடிப்பதுபோல என் கையைப் படமெடுத்துப் பார்த்தேன். அந்தப் பிரிண்ட் என் பையிலேயே கிடந்தது. டிபன் பாக்ஸை எடுக்கப் பையைத் திறந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"யாரு கை இது?"

"என் கைதான். வளரி பிடிச்சிருக்கேன்."

"வளரியா? கேரம் காயை எடுக்கப் போற மாதிரில்ல இருக்கு." பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் கையக் கேட்டாகளாக்கும்."

பையிலிருந்து டிபன் பாக்ஸை நானே எடுத்தேன்.

"இடது கை சும்மாத்தான இருக்கு. கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட முடியுமா, அதைச் சொல்லு."

முடியும். ஒரு படத்தை இடவலமாகத் திருப்புவது இந்த வேலையில் மிகவும் எளிது. பாய் கேட்டு முடிக்கும் முன்பே எனக்கு அது தோன்றியிருந்தது. அவளிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

அட்டையில் வளரி வெட்டினோம். ஆஸ்திரேலிய பூமராங்குக்கும் அட்டைதான். சீனத்து மூன்று துண்டுக் கம்புக்கு பி.வி.சி. பைப். சிலம்பத்தில் இரண்டு கையையும் பழக்குவார்கள், அதனால் இடது கைக்கும் பிடி தெரிந்திருந்தது. கட்டைவிரல் தானாகவே போய் உட்கார்ந்தது.

படத்தைத் திருப்பும்போது தானும் பார்க்க வேண்டும் என்று அச்சகத்துக்கு வந்தாள். திருப்பினேன். திரையில் ஒரு வலது கை வளரியைப் பிடித்திருந்தது, ஐந்து விரலும் தனித்தனியாக. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பெருவிரலுக்குக் கீழ மச்சம் கிடக்கு பாரு. வலது கையில எனக்கு மச்சம் கிடையாது."

அழித்தேன்.

"சரியா?"

"வலது கை மாதிரி இருக்கு" என்றாள்.

சார்ட் அச்சாகி வந்ததும் பாய்க்குத் திருப்தி. "அதே பிள்ளைதான? பார்த்ததும் தெரியுதே." வீட்டில் வந்து சொன்னேன்.

"அவருக்குத் தெரியுதாமா?" என்று கேட்டாள் அக்கா. பிறகு, "மொத சார்ட்டு ஒண்ணு இருந்தாக் கொண்டா" என்றாள்.

கொண்டுவந்தேன். தரையில் விரித்து, இடது கையால் கத்தரியைப் பிடித்தாள். கத்தரி வலது கைக்காகச் செய்தது. இடது கையில் அலகுகள் விலகி, தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கியது. இன்னொரு முறை முயன்றுவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"சிலம்பத்தை வெட்டு. கம்பு வேண்டாம். கை மட்டும் போதும்."

மணிக்கட்டிலிருந்து தொடங்கி, புறங்கையைச் சுற்றி விரல்கள் வரை வெட்டிக்கொண்டே வந்து நிறுத்தினேன். விரல்கள் கம்பைச் சுற்றி இறுக மூடியிருந்தன. கம்பை வெட்டி எடுத்தால் விரலும் சேர்ந்து போகும். அவளிடம் காட்டினேன்.

குனிந்து பார்த்தாள்.

"அப்பக் கம்போடயே இருக்கட்டும்" என்றாள்.