சண்டை போடத் தெரியாத துணை

என் மூத்த மகள் பெரியவளின் பெட்டி எங்கள் ஈசா டவுன் வீட்டில் ஒரு வாரம் திறந்தே கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைக் கல்லூரிக்கு ஊருக்கு அனுப்புவது பஹ்ரைனில் எங்களைப் போன்றவர்களின் வழக்கம். விடுமுறைக்கு மட்டும் பார்த்த ஊரில் அவர்கள் தனியே வாழப் பழக வேண்டும். அவளோ பெட்டியருகே உட்கார்ந்து, கைபேசியிலிருந்த செயற்கை நுண்ணறிவிடம் ஒத்திகை பார்த்தாள். "நீங்க ஹாஸ்டல் வார்டன். நான் ரூம் மாத்தித் தரச் சொல்லிக் கேக்கறேன்." அது வார்டனாகப் பேசியது. பிறகு ஆட்டோக்காரராக, சீனியராக.

பெரியவள் பயந்த சுபாவம். லிஃப்டில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி நின்றால் படியில் இறங்கிப் போய்விடுவாள். அவளுக்கு அந்தச் செயற்கை நுண்ணறிவு என்றால் உயிர். "நான் பேசி முடிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணுதும்மா" என்பாள். பத்தாவது படித்த சின்னவள் வாயாடி. அவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "நான் தப்பாச் சொன்னாலும் ஸாரி கேக்குது. ஒரு சண்டை போடத் தெரியல. செம போர்!" ஒரே வீடு, ஒரே பள்ளி. செயற்கை நுண்ணறிவு மாணவர்களுக்கு நல்லதா கெட்டதா என்று பெற்றோர் கூட்டத்தில் மணிக்கணக்கில் பேசுவார்கள். எந்த மாணவருக்கு என்று ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

கோயம்புத்தூர்க் கல்லூரி ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த சில நாளில் பெரியவள் அழைத்தாள். ஒரே அழுகை. "யாருமே என்னைப் பேசி முடிக்க விடலம்மா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வேற யாராவது பேசிடறாங்க. திரும்பி வந்துடட்டுமா?" வந்துவிடு என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் சின்னவள் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "அக்கா, இனிமே தினமும் என்கிட்ட பேசு. நான் குறுக்க குறுக்க பேசுவேன். நீ விடாத."

பிறந்ததிலிருந்து அக்காவைப் பேசவிடாதவளுக்கு இதெல்லாம் சொல்லியா கொடுக்க வேண்டும்? தினமும் சாயங்காலம் வீடே அமளிப்படும். ஆரம்பத்தில் பெரியவள் பாதியிலேயே அடங்கிப்போவாள். எனக்குப் பாவமாக இருக்கும், ஆனாலும் தடுக்கவில்லை. ஒருநாள் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரில் ஒரு குரல் ஓங்கி ஒலித்தது. "ஏய், நான் இன்னும் முடிக்கல. வாயை மூடிட்டுக் கேளு!"

சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, பெரியவள் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.