பெனியனைச் சோதித்த வீட்டுக்கார அம்மா

என் வீட்டுக்கார அம்மா ஓர் உளவாளி என்று ஒரு கோடைகாலம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். எண்பதுகளின் நடுவில், லண்டன் குட்மேய்ஸில் அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தபோது என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. கதவை யார் தட்டினாலும் என்னைத் திருப்பி அனுப்பத்தான் வந்திருக்கிறார்கள் என்று விளக்கை அணைத்துவிடுவேன்.

அவர் எழுபது வயது வெள்ளைக்கார அம்மா. சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு இங்கிலாந்தை விட்டு ரொடீசியாவுக்கு, அதாவது இன்றைய சிம்பாப்வேக்குப் போய்ப் புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்தவராம். முன்னறைச் சுவரில் அந்தப் படம் தொங்கியது: தகரக் கூரை வீடு, துப்பாக்கியோடு தந்தை, பின்னால் வரிசையாகக் கறுப்பின வேலையாட்கள். துப்பாக்கியைப் பார்த்ததுமே பாதித் தீர்ப்பை எழுதிவிட்டேன்.

மீதியை எழுதவைத்தது பின்வளவுத் துணிக்கொடி. நான் காயப்போட்டதையெல்லாம் அவர் எடுத்து, உட்புறம் திருப்பி, தையல் தையலாக விரலால் தடவிப் பார்ப்பார். ஊரில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் என் காலரைத் தடவியதும் இப்படித்தான். பிறகு ஜட்டி உட்பட எல்லாம் அயன் பண்ணி மடித்து என் கதவடியில் இருக்கும். தேடிய தடயத்தை அழிக்கிறார் என்று கண்டுபிடித்தேன். என்ன மூளை!

ஒரு சனிக்கிழமை என் பெனியனை வெயிலில் தூக்கிப் பிடித்து அவர் உற்றுப் பார்த்தார். போதாதா? பெட்டியைக் கட்டிவிட்டேன். அவர் வீட்டுத் தொலைபேசியை நம்பலாமா? தெருமுனைக் கூண்டுக்கு ஓடி, அயலில் இருந்த நண்பரை அழைத்தேன்.

"அண்ணை, உடனை வாங்கோ. வீட்டுக்கார மனுசி என்ரை உடுப்பெல்லாம் சோதிக்கிறா."

"உன்ரை ஓட்டைப் பெனியனுக்குள்ளை என்னடா ரகசியம் கிடக்கு?"

வந்தவர் என் பெட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "சொல்லாமல் ஓடினால்தான் கள்ளன் எண்டு நினைப்பினம். வா, கேப்பம்."

அண்ணை கேட்டார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

அவர் வளர்ந்த ரொடீசியாவில் ஒருவகை ஈ, காயும் துணியின் தையலில் முட்டை இடுமாம். அதை உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்துவிடும். சூடு பட்டால்தான் முட்டை சாகும். அதனால் கைக்குட்டையைக்கூட அயன் பண்ணாமல் தொடமாட்டார்கள். பண்ணியவள், படத்தின் ஓரத்தில் நின்ற வேலைக்காரப் பெண். அவள் காய்ச்சலில் படுத்தபோது வீட்டில் ஒருவருக்கும் அயன் பெட்டியைப் பிடிக்கத் தெரியவில்லை. அம்மாவின் தம்பிக்கு முதுகெல்லாம் புழுக்கட்டி.

"அன்றிலிருந்து நானே பண்ணுகிறேன். லண்டனில் அந்த ஈ இல்லை என்று எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லையே" என்றார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "கேட்டியே? உன்னைப் புழு தின்னாமல் காப்பாத்தியிருக்கிறா. பெட்டியை மேலை கொண்டுபோ."

விட்டு வந்த நாட்டின் ஈயை அவரும், ஆமிக்காரனை நானும் லண்டன் வரை கொண்டுவந்திருந்தோம். வழக்கு வென்று நான் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை, அயன் பண்ணாத ஜட்டி ஒன்றைக்கூட நான் போட்டதில்லை.