ஜெயா அக்காவைக் கேட்டு வந்த மெயில்கள்

புதியம்புத்தூர் ஜெயா அக்கா இறந்துவிட்டார். நேற்றுச் சாயங்காலம். நெஞ்சுவலி.

யாரும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லவில்லை. கோவில்பட்டியில் நான் இன்டர்ன்ஷிப் செய்த வெப் டிசைன் ஆபீஸின் ஃபேஸ்புக் பக்கத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்... அக்காவின் படம் ஒரு மூலையில், கம்பெனி லோகோ நடுவில். "எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளருக்கு அஞ்சலி." கீழே நாங்கள் செய்த வெப்சைட்டின் லிங்க்.

மகிழ்ச்சியான வாடிக்கையாளராம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடைசி வருஷம் படிக்கும்போது அங்கே ஆறு வாரம் இருந்தேன். "நிஜ க்ளையன்ட், நிஜ வெப்சைட்" என்று காலேஜ் நோட்டீஸ் போர்டில் பெருமையாக ஒட்டியிருந்தார்கள்.

எனக்கு வந்த நிஜ க்ளையன்ட் ஜெயா அக்கா. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நாலு தையல் மிஷின். சின்னப்பிள்ளைகள் கவுன், பாவாடை சட்டை, ஸ்கூல் யூனிஃபார்ம். ஏஜென்ட் தயவு இல்லாமல் நேராக ஆர்டர் பிடிக்க வேண்டும், அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முதல் நாள் கட்டைப்பை நிறையத் துணியோடு ரெண்டு பஸ் மாறி வந்தார். அதற்குள் ஆபீஸை நடத்தும் சார் நெட்டில் எடுத்த ஒரு படத்தை முகப்பில் வைத்திருந்தார். வெளிநாட்டுக் குழந்தை ஒன்று கவுன் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இந்தப் புள்ள போட்டிருக்கது நான் தச்சது இல்லையே சார்?"

"அதெல்லாம் ஒரு லுக்குக்குத்தாம்மா."

"பொறவு வாங்குதவிய இதத்தான கேப்பாவ? நான் எங்கன போவேன்?"

சார் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார். அக்கா பையிலிருந்து ஒரு கவுனை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மேஜைமேல் விரித்தார்.

"ஏட்டி, இப்பிடி எடு போட்டோவ. வெளிப்பக்கம் எல்லாரும்தான் பளபளன்னு தைக்காவ. வெவரம் தெரிஞ்சவிய உள்தையலத்தான் பாப்பாவ."

எடுத்தேன், கேலரியில் வைத்தேன். "கவுனை ஏன் உள்பக்கம் வெளிய தெரியப் போட்டுருக்க?" என்று சார் கிண்டல் பண்ணியபோது நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்...

அடுத்து போன் நம்பர். வெப்சைட்டில் தன் நம்பர் பெரிசாக இருக்க வேண்டும் என்று அக்கா கேட்டார்.

"பொம்பளையாளு நம்பர நெட்டுல போட்டா கண்டவனும் கூப்பிடுவான். ஃபார்ம் போதும், ஆர்டர் கேக்கவங்க அதுல எழுதுவாங்க, மெயில்ல வந்துரும்," என்றார் சார்.

"எங்க வீட்டு வாசல் போர்டுலயே நம்பர் கெடக்கு சார். அங்கன கூப்பிடாதவனா இங்கன கூப்பிடப் போறான்?"

அக்கா கேட்டது சரிதான். ஆனால் நான் சார் பக்கம் பேசினேன். "அதுதான் சேஃப் அக்கா."

"படிச்ச புள்ள, நீ சொன்னாச் சரிட்டி," என்று விட்டுவிட்டார்.

அக்காவிடம் மெயில் ஐடி இல்லை. ஃபார்ம் வேலை செய்கிறதா என்று பார்க்க நானே புதிதாக ஒரு ஐடி திறந்து அதில் இணைத்தேன். அப்புறம் அக்காவுக்கு ஒன்று திறந்து மாற்றிக் கொடுக்க வேண்டும்.

மாற்றவில்லை.

காலேஜ் ப்ராஜெக்ட் ரிவியூ அன்று எங்கள் ஹெச்ஓடி ஃபார்மில் ஏதோ டைப் பண்ணினார், நான் திறந்த அந்த ஐடியில் வந்து விழுந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். சர்டிபிகேட் வாங்கினேன், போட்டோ எடுத்தோம், பிரியாணி சாப்பிட்டோம். மெயில் மாற்றணும் சார் என்று ஒருதடவை சொன்னேன். அடுத்த பேட்ச் பார்த்துக்கொள்ளும் என்றார். அடுத்த பேட்ச்சுக்கு வேறு க்ளையன்ட்.

மூணு மாசம் கழித்து அக்கா கூப்பிட்டார். "எம்மா, நம்ம வெப்சைட்ட ஒருத்தரும் பாக்கலியோ? யாரும் கேக்கலியே."

சாரிடம் கேட்டேன். "க்ளையன்ட்னா அப்படித்தான் கேப்பாங்க, நாளாகும்னு சொல்லு." அதையே அப்படியே அக்காவிடம் சொன்னேன். அந்த மெயிலைத் திறந்து பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை. என்ன படிப்பு படித்தேனோ.

"அப்பம் நம்ம தையலு யாருக்கும் புடிக்கல போல," என்றார் அக்கா. கோபமே இல்லை அந்தக் குரலில். அடுத்த வருஷம் மிஷின்களை விற்றுவிட்டு வேறொரு யூனிட்டுக்குத் தைக்கப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

இன்று காலை அஞ்சலியில் இருந்த லிங்க்கை அழுத்தினேன். அந்த ஃபார்மைப் பார்த்ததும்தான் உறைத்தது... பாஸ்வேர்டு இன்னும் ஞாபகம் இருந்தது.

ஹெச்ஓடி அன்று அனுப்பியதுக்கு மேலே பதினேழு மெயில். ஒன்றுகூடத் திறக்கப்படாமல்.

முதல் மெயில் எனக்குச் சர்டிபிகேட் கொடுத்த அதே மாசம். கயத்தாறு பக்கம் ஒரு ஸ்கூல், யூனிஃபார்ம் கேட்டு. குளத்தூரில் ஒரு ஜவுளிக்கடை, "உள்தையல் படம் பார்த்தோம், சாம்பிள் அனுப்ப முடியுமா" என்று. அந்தக் கடைக்காரர் மூணு தடவை எழுதியிருக்கிறார். மூணாவதில், "விருப்பமில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள் மேடம்."

சார், இந்தப் பதிவு உங்கள் கண்ணில் படும் என்று தெரியும். அந்த அஞ்சலியை எடுங்கள். இறந்த பிறகும் அக்காவை வைத்து விளம்பரம் பண்ணாதீர்கள்.

காலேஜுக்கும் சொல்கிறேன். உங்களுக்கு அது பத்து மார்க். அக்காவுக்கு அது பிழைப்பு.

உன் தப்பு இல்லை என்று யாரும் கமென்ட் போட வேண்டாம். போட்டால் அழித்துவிடுவேன். என் தப்புதான்.

அடக்கம் மூணு மணிக்காம். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை டைப் பண்ணுகிறேன். பதினேழையும் பிரின்ட் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்கா... உங்களைக் கேட்டு ஆள் வந்தாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல.

போயிட்டு வாங்க.