மோட்டார் வீட்டில் இருந்தது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "எத்தனை வோல்ட்?" என்று கேட்கிற ஆள் நான். புனேயில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கையேட்டில் இல்லாத எதுவும் உலகத்தில் நடப்பதில்லை என்பது என் கட்சி. இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. என்னிடம் இருந்த கார், என்னோடு வேலை பார்த்த நடராஜனுடையது. அவர் காலமான பிறகு அவர் மனைவியிடமிருந்து வாங்கினேன். திருநெல்வேலிக்காரர். எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். காரில் ஹீட்டருக்கும் ஏசிக்கும் பொதுவாகக் காற்றடிக்கிற புளோயர் நின்றுபோனால் டேஷ்போர்டில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார். "ஓய், அந்தப் புஸ்தகத்த மூடும். தட்டினா கேக்காத சாமான் உண்டாவே?" என்பார். எரிச்சல் என்னவென்றால், அது ஓடும். மோட்டாருக்குள் மின்சாரத்தை ஏற்றுகிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, அதிர்வில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான் என்று நான் விளக்குவேன். அவர் வேர்க்கடலையை உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

வண்டி என் கைக்கு வந்த அடுத்த மழைக்காலத்தில் புளோயர் அடியோடு நின்றது. என் மனைவி சரோஜா கையை ஓங்கினாள். தடுத்துவிட்டு, முறைப்படி இறங்கினேன். ஃப்யூஸ் சரி. ரிலே சரி. சுவிட்சை நான்கு வேகத்திலும் திருப்பிப் பார்த்து, மோட்டாருக்குப் போகிற வயரில் மீட்டரை வைத்தால் மின்சாரம் வருகிறது, எர்த்தும் சரி. அப்படியானால் மோட்டார்தான். கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். விசிறிக் கூட்டுக்குள் ஒரு கடலை ஓடு சிக்கியிருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து கேட்ட டக்டக் சத்தம் அதுதான். எடுத்து ஒரு டம்ளரில் போட்டேன். தேய்ந்த பிரஷ்களை மாதிரிக்காகக் கசார்வாடி பட்டறையில் கொடுத்தேன். வண்டியில் மோட்டார் இருந்த ஓட்டையைத் துணியால் அடைத்தேன். இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அப்புறம் நீங்கள் கேள்வி கேட்கக் கூடாது.

மறுநாள் காலை மும்பையிலிருந்து மாப்பிள்ளையின் போன். "மாமா, மஞ்சுவுக்கு வலி வந்துடுச்சு, ஆஸ்பத்திரில சேர்த்தாச்சு. அம்மா வரட்டும், அம்மா வரட்டும்னு அழறா. அத்தைய உடனே கூட்டிட்டு வாங்க." தலைப்பிரசவம். தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. மலையில் பாறை சரிந்து ரயிலும் நின்றிருந்தது.

"சலோ, வண்டிய எடுங்க" என்றாள் சரோஜா. "அந்த ஃபேன் சரி பண்ணிட்டீங்கதானே?"

"வேலை முறைப்படி நடக்குது" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கண்டாலா மலைப்பாதையில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வெளியே மூடுபனி, உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி. ஜன்னலை அரை விரல் இறக்கினேன், அது கையேட்டில் இருக்கிறது. மழை உள்ளே வந்தது, ஆவி போகவில்லை. சரோஜா முந்தானையால் துடைக்கத் துடைக்க மறுபடி மங்கியது.

"கொஞ்சம் பேசாம வா. உன் மூச்சுலதான் மங்குது."

"அப்ப மும்பை வரைக்கும் மூச்சு விடாம வரணுமா? ஃபேனைப் போடுங்க!"

சும்மா இருக்கட்டும் என்று சுவிட்சைத் திருப்பினேன். வேறென்ன செய்ய? பின்னால் லாரி ஹாரன், பக்கத்தில் பள்ளம். முந்திப்போன ஒரு லாரிக்காரன் தலையை நீட்டி "காகா, மர்னா ஹை க்யா?" என்று, எனக்குச் சாகிற உத்தேசமா என அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனான். ஒரு திருப்பத்தில் ஒன்றுமே தெரியாமல் வண்டியை நிறுத்தினேன். சரோஜா அழ ஆரம்பித்திருந்தாள். "அங்க நம்ம குழந்தை மஞ்சு தனியா கத்திட்டு இருக்கும்ங்க" என்றவள், அழுதபடியே உள்ளங்கையை விரித்து டேஷ்போர்டில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

டக். டக். டக்டக்டக்.

காற்று வந்தது. வண்டி நின்றுகொண்டிருந்தது, ஆகவே ஓடுகிற வேகத்தில் வெளிக்காற்று உள்ளே புகுந்தது என்று சொல்லாதீர்கள், அதை நானே யோசித்துவிட்டேன். வெதுவெதுப்பான காற்று. கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்தது, சாலை தெரிந்தது.

"பாத்தீங்களா, நடராஜன் அண்ணா சொன்னா சொன்னதுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வண்டியை எடுத்தேன். மோட்டார் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? மலை இறங்கும்வரை டக்டக் சத்தம் எங்களோடு வந்தது, சமவெளியில் நின்றது. குழந்தை பிறப்பதற்குச் சற்று முன் சரோஜா மஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண் குழந்தை.

சில நாள் கழித்து நான் மட்டும் புனே திரும்பினேன். இறங்கியதும் குனிந்து பார்த்தேன். ஓட்டையில் நான் அடைத்த துணி அப்படியே இருந்தது. வீட்டைத் திறந்தேன், சாவி என்னோடுதான் இருந்தது, ஜன்னல்களுக்குத் தாழ்ப்பாள். மோட்டார் செய்தித்தாளின் மேல் வைத்த இடத்திலேயே இருந்தது, பிரஷ் இல்லாமல். டம்ளர் காலி. கடலை ஓடு விசிறிக் கூட்டுக்குள் இருந்தது.

எலி என்பீர்கள். எலி தூக்கிப் போகும். எடுத்த இடத்தில் திருப்பி வைக்காது.

புதுப் பிரஷ் போட்டு மோட்டாரை மாட்டினேன். உள்ளே இருந்த கடலை ஓட்டை மட்டும் எடுக்கவில்லை. என் வாழ்நாளில் குறை தெரிந்தே நான் பாஸ் செய்த ஒரே சாமான் அது. சரோஜாவிடம் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை. அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. ஆனால் கண்டாலாவில் மழை பிடித்தால், நான் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோவதற்கு முன்பே டக்டக் ஆரம்பித்துவிடுகிறது. சரோஜா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் சாலையைப் பார்க்கிறேன்.