கோடு போடாத காலை

ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டு, செய்தாச்சு என்று குறித்து வைப்பதற்குள் யாராவது உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்களா? எழும்பிப் போயிருப்பீர்கள். எல்லாரும் போவார்கள். கொம்பியூட்டரும் அப்படித்தான்.

கம்பஸில் கடைசி வருட புரொஜெக்டுக்கு நான் எழுதியது கேர்னலுக்குள், அதாவது கொம்பியூட்டரை அடியிலிருந்து நடத்துகிற புரோகிராமுக்குள், ஓடுகிற ஒரு துண்டு கோட். நெட்வேர்க் கார்டுக்கு ஏதாவது வந்தால் அது மணியடிக்கும். அதுதான் இன்டரப்ட். கேர்னல் கையிலிருக்கும் வேலையை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடும். என் கோட் வந்ததை எண்ண வேண்டும்: பழைய எண்ணை எடு, ஒன்று கூட்டு, திருப்பி எழுது. எழுதுவதற்குள் மணியடித்தால், மணிக்கு ஓடியவனும் அதே பழைய எண்ணைப் பார்த்து ஒன்று கூட்டுவான். வந்தது இரண்டு, எழுதியிருப்பது ஒன்று.

சரி, ஒரு நேரத்தில் ஒருவன்தான் எண்ணைத் தொடலாம் என்று லொக் போட்டேன். மெஷின் அப்படியே உறைந்தது. லொக் போட்டவனைப் பாதியில் நிறுத்திவிட்டு மணிக்காரன் வந்து அதே லொக்குக்குக் காத்து நிற்கிறான். மணிக்காரன் போகாமல் லொக் போட்டவன் எழும்ப முடியாது, அவன் எழும்பித் திறக்காமல் மணிக்காரன் போக முடியாது. விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லார் முன்னாலும் கேட்டார்.

“லொக்கைப் போட்டிட்டீர், நல்லது. எழுதி முடியுமட்டும் மணியை ஆர் நிப்பாட்டுறது? கொப்பரோ?”

கொப்பர் என்றால் அவர் ஊரில் உன் அப்பா. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். திருத்திக்கொண்டு வா என்று ஒரு கிழமை தந்தார். பழைய கொம்பியூட்டரோடு லிந்துலைக்கு, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிய வீடுகளுள்ள எங்கள் லயத்துக்கு, பஸ் ஏறினேன்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. மருந்தை வைக்க ஃப்ரிட்ஜ் கிடையாது, எங்கள் குளிருக்குத் தேவையும் இல்லை. ஊசிக்குப் பயந்து அப்பா தினமும் பொய் சொல்வார். “போட்டாச்சு புள்ள, போ” என்பார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். அதனால் வீட்டில் ஒரு சட்டம்: அப்பாவை நம்பாதே, காலண்டரைப் பார். ஊசி போட்டவர் அன்றைய தேதியின் மேல் கோடு கிழிக்க வேண்டும்.

அன்றைக்கு அம்மா காலைச் சாப்பாட்டுக்குக் கடையில் பாண் வாங்கப் போயிருந்தார். நான் ஊசியைப் போட்டேன். பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்.

“தம்பி, பைப்புல தண்ணி வந்திருச்சு. ஓடியா, பெறகு இல்லன்னு சொல்லாத.”

முழு லயத்துக்கும் ஒரே பைப். அரை மணித்தியாலம்தான் தண்ணீர் வரும். அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதையும் விட்டுவிட்டு ஓடுவோம். வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். அம்மா மேல் பாதையால் வீட்டுக்கு வந்தார்.

நடந்ததை அம்மா பிறகு சொன்னார். காலண்டரில் கோடு இல்லை. தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை. அவசர அவசரமாக ஊசியை எடுத்தாராம்.

“தம்பி போட்டுட்டான்,” என்றாராம் அப்பா.

“நேத்தும் இதத்தான் சொன்னீங்க. கையக் குடுங்க.”

“அய்யோ, மெய்யாத்தான் சொல்றேன்.”

“நீங்களும் ஒங்க மெய்யும்.”

போட்டார். கோட்டையும் கிழித்தார். கூடையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

இரண்டு வாளித் தண்ணீரோடு திரும்பினேன். காலண்டரில் கோடு இருந்தது. நான்தான் கிழித்தேன் என்று நினைத்தேன். அப்பா படுத்திருந்தார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொம்பியூட்டர் முன் உட்கார்ந்து, மணியை நிறுத்துகிற வரியை எழுதினேன். மெஷின் உறையவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எண் ஒரு தடவையும் பிசகவில்லை. சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தபோது அம்மா வைத்துவிட்டுப் போன பாண் தொடாமல் கிடந்தது. அப்பாவின் சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை.

தோட்டத்து லொறியில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார், எத்தனை ஊசி போட்டீர்கள் என்று. அம்மாவிடம் தமிழில் கேட்டேன்.

“ஒன்னுதான் போட்டேன்.”

நானும் ஒன்றுதான் போட்டேன் என்றேன். டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். யாரும் அழவில்லை. எனக்கு அந்த அறையில் சுவர்க்கடிகாரம் ஓடாமல் நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்பா மூன்றாம் நாள் கண் திறந்தார். சீனி நெடுநேரம் இறங்கியே இருந்ததால் மூளை அடிபட்டுவிட்டது என்றார்கள். இப்போது அவருக்கு என்னையும் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. ஊசியைக் கண்டால் தானாகவே கையை நீட்டுகிறார். எத்தனை தடவை கேட்டாலும் நீட்டுவார்.

புரொஜெக்டுக்கு நல்ல மார்க்ஸ். கொழும்பில் ஒரு கொம்பனி வேலைக்குக் கூப்பிட்டது, போகவில்லை. மருந்தை ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். அம்மா சாவி கேட்டதில்லை. யார் கூப்பிட்டாலும் கோடு போடாமல் நான் எழும்புவதில்லை.

மணி ஆறரை. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்றைய தேதியில் இன்னும் கோடு இல்லை. கீழே பைப்பில் தண்ணீர் வந்துவிட்டது.