ஏரிக் கெளுத்தி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் பையை அவிழ்த்ததுமே சமையலறை முழுக்க கக்கூஸ் கழுவும் மருந்து வாடை அடித்தது. உள்ளே நாலு கெளுத்தி மீன்.

“நம்ம பாரிவாக்கம் ஏரி மீனும்மா. உனுக்கு ஆசையா இருக்குமேன்னு வாங்கினு வந்தேன்.”

ஆசைதான். சிறுமியாக இருந்தபோது, கோடையில் அந்த ஏரி முழங்காலுக்கு வற்றியதும், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெத்தென்ற சேற்றைக் காலாலேயே துழாவிக்கொண்டு போவோம். வழுக்கினால் விரால், குத்தினால் கெளுத்தி, குத்தியதற்கு அழுதால் மறுநாள் கூட்டிப்போக மாட்டார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்போம், சாம்பல் போட்டு எத்தனை முறை தேய்த்தாலும் குழம்பில் அந்தச் சேற்று வாசம் கொஞ்சம் மிச்சமிருக்கும், அதற்காகவே இன்னொரு கவளம் இறங்கும்.

இந்த மீனை உப்பும் புளியும் போட்டு மூன்று முறை தேய்த்தேன். வாடை போகவில்லை. வயிற்றைக் கீறினால் கறுப்பாகக் கொழகொழவென்று வழிந்தது, நடுவில் ஒரு ஷாம்பு பாக்கெட்டின் மூலை. கத்தியைக் கீழே வைத்தேன்.

“இன்னாம்மா, கொழம்பு வைக்கலியா?”

“நம்ம பிளாட்டு சாக்கடை எங்க நைனா போவுது?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “ஏரிக்குத்தான்.”

“அப்போ இது நம்ம கக்கூஸ் தண்ணிய குடிச்சி வளந்த புள்ள. நம்ம ஊட்டுப் புள்ளைய எப்டிடா துன்றது?”

மீனைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையை நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டேதான் கழுவினேன்.